உழவாரமும் அடுப்பும்

சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், பாடலிகை என்னும் ஊரில் சர்வநந்தி என்ற சமண முனிவர் உலகத்தின் அமைப்பைப் பற்றி ஒரு நூலை எழுதி முடித்தார். காஞ்சியை ஆண்ட சிம்மவர்மனுக்கு அது 22-ஆம் ஆட்சியாண்டு. மூலநூல் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் சிம்மசூரி செய்த ‘லோகவிபாகம்’ என்ற வடமொழி வடிவத்தில்தான் இந்தச் செய்தி தங்கியிருக்கிறது. பல்லவர் காலவரிசையைச் சரிபார்க்க வரலாற்றாசிரியர்கள் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் குறிப்பு இது. எனக்கு அதில் உள்ள அக்கறை வேறு. பாடலிகை என்று ஆய்வாளர்கள் காட்டுவது, இன்று கடலூருக்குள் அடங்கிப்போன திருப்பாதிரிப்புலியூரை. ரயில் நிலையமும் பாடலீசுவரர் கோயிலுமாக நாம் அறிந்த இந்த ஊரில் ஒருகாலத்தில் கற்றறிந்த துறவிகள் கூட்டமாக வாழ்ந்த சமணப் பள்ளி இருந்தது. சர்வநந்திக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், அந்தப் பள்ளியில் பெரிய பதவியில் இருந்த ஒருவர் இரவோடு இரவாக வெளியேறினார்.

மதம் விட்டு வந்தவர்களைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் கொள்கைக் கணக்கு. எதை நம்பினார், எதை மறுத்தார், யாரை வாதில் வென்றார் என்பதோடு முடித்துக்கொள்வோம். கட்டுப்பாடு மிகுந்த ஒரு மதத்தை விட்டு வந்தவருக்கு மறுநாள் காலை எப்படி விடிந்திருக்கும் என்று கேட்பவர் குறைவு. அதுவரை உண்ட இடம், உறங்கிய இடம், கூடப் பேசிய ஆட்கள், கூப்பிட்ட பெயர் எல்லாம் ஒரே இரவில் போயிருக்கும். அவருக்கு யார் சோறு போட்டார்கள்? கைக்கு என்ன வேலை கொடுத்தார்கள்? பழைய ஆட்களைப் பற்றி அவர் என்ன பேச வேண்டும் என்று புதிய ஆட்கள் எதிர்பார்த்தார்கள்? இதற்கெல்லாம் விடை தேட கடலூர்ச் சீமை நல்ல இடம். ஏறத்தாழ 1,200 ஆண்டு இடைவெளியில் இங்கே இரண்டு பெரியவர்கள் தாம் இருந்த மதத்தை விட்டு வந்தார்கள். ஒருவர் திருநாவுக்கரசர் என்ற அப்பர். மற்றவர் வடலூர் இராமலிங்க வள்ளலார். முன்னவருக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. பின்னவருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அப்பரைப் பற்றி நமக்கு இரண்டு சாட்சிகள் உண்டு. முதல் சாட்சி அவரே: நான்கு, ஐந்து, ஆறாம் திருமுறைகளாகத் தொகுக்கப்பட்ட 300-க்கு மேற்பட்ட பதிகங்கள். இரண்டாவது, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் செய்த பெரியபுராணம். இரண்டு சாட்சிகளுக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகள். இரண்டுமே சிதம்பரம் வழியாகத்தான் நம்மிடம் வந்திருக்கின்றன. தில்லைக் கோயில் அறையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை ராஜராஜன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி வெளியே எடுத்தார் என்பது மரபு. சேக்கிழார் தம் நூலை அரங்கேற்றியதும் அதே கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் என்பார்கள். ஆகவே சேக்கிழார் சொல்வதைப் படிக்கும்போது, வென்ற தரப்பின் தலைநகரில் வென்ற தரப்புக்காகச் சொல்லப்பட்ட கதை இது என்பதை மறக்கக் கூடாது. அதே சமயம் அவர் கவனிக்கும் சின்னச் சின்னச் செய்திகள், கொள்கை பேசும் ஆளுக்குத் தோன்றாதவை. ஒரு சமையற்காரன், ஒரு பாய், ஒரு தண்ணீர்ப் பந்தல். நமக்கு வேண்டியவை அவைதாம்.

பண்ருட்டிக்கு அருகே திருவாமூர். புகழனார், மாதினியார் என்ற வேளாளத் தம்பதிக்கு மகள் திலகவதி, மகன் மருணீக்கியார். திலகவதியைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு மணம் பேசியிருந்தார்கள். அவர் போருக்குப் போயிருந்தபோது, இங்கே தந்தை இறந்தார். தாயும் உடன் இறந்தார். போரில் கலிப்பகையாரும் மாண்டார். உயிர்விடத் துணிந்த திலகவதி, தம்பிக்கு வேறு யாரும் இல்லை என்பதற்காக உயிர் தாங்கினார். மருணீக்கியார் வளர்ந்து, செல்வத்தை அறச்சாலைக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் செலவிட்டு, நிலையாமையை எண்ணி, சமயங்களை ஆராய்ந்து, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் சேர்ந்தார் என்கிறார் சேக்கிழார். பாடலிகையைத்தான் அவர் பாடலிபுத்திரம் என்கிறார்.

அந்தப் பள்ளியைச் சிறை என்று எழுதிவிட்டால் கதை எளிதாகிவிடும். ஆனால் அது உண்மைக்குப் பொருந்தாது. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்ற நான்கு தானங்களை அறமாகக் கொண்டது சமணம். சிறு வயதிலேயே மூன்று சாவுகளைக் கண்ட, அறிவுப்பசி உள்ள ஒரு பிள்ளைக்கு இந்த நான்கும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. அங்கே அவர் கற்றார், வாதிட்டார், தருமசேனர் என்ற பட்டம் பெற்றார். உறவற்றவருக்கு உறவு கொடுத்த முதல் இடம் அதுதான். வெளியேறியவர்களின் கதையில் பலரும் தவறவிடும் செய்தி இது. கண்டிப்பான மதங்கள் தம் ஆட்களைப் பிடித்து வைத்திருப்பது அச்சத்தால் மட்டும் என்றால் வெளியேறுவது சுலபமாக இருந்திருக்கும். அவை சோறும் துணையும் மதிப்பும் தருகின்றன. அதனால்தான் கதவைத் திறந்து வைத்தாலும் கால் எழுவதில்லை.

கண்டிப்புக்கும் குறைவில்லை. தலைமயிரைக் கையால் பறித்தல், நின்றபடியே உண்ணல், நீராடாமை, ஆடையின்மை என அப்பர் தம் பதிகங்களில் திரும்பத் திரும்ப அடுக்குகிறார். அவற்றுள் ஓரிடம் என்னை நிறுத்தியது. தம்மைக் கண்டதும் பெண்கள் ஓடிப்போய்க் கதவை அடைத்துக்கொள்வார்கள் என்று அவரே பாடுகிறார். நோன்பின் கடுமையைவிட, ஊரார் கண்ணில் தாம் எப்படித் தெரிந்தோம் என்பதே பல ஆண்டுகளுக்குப் பிறகும் அவரை உறுத்தியிருக்கிறது. அந்தப் பாட்டு வரும் திருவாரூர்ப் பதிகம் முழுவதும் பழமொழியால் ஆனது. பழுத்ததை விட்டுக் காயைப் பறித்தவன் என்பதுபோல ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் ஒரு மடத்தனத்தைச் சொல்லித் தம்மைத் தாமே குத்திக்கொள்கிறார்.

வெளியேற்றம் வயிற்றுவலியில் தொடங்கியது. சூலைநோய். பள்ளியார் மந்திரித்த நீர் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள், வலி கூடியது. தருமசேனர் தம் சமையற்காரனை இரகசியமாகத் திருவதிகைக்கு அனுப்பினார். அங்கேதான் திலகவதியார் வீரட்டானேசுவரர் கோயிலில் அலகிட்டு மெழுகி, நந்தவனம் வைத்துத் தொண்டு செய்துகொண்டிருந்தார். சமணர் இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று அக்காள் சொல்லி அனுப்பினார். செய்தி வந்த இரவே தம்பி, உடம்பில் சுற்றியிருந்த பாயையும் உறியில் தொங்கிய குண்டிகையையும் பீலியையும் போட்டுவிட்டு, வெள்ளைத் துணி உடுத்து, ஒருவருக்கும் தெரியாமல் கிளம்பினார்.

ஹெலன் ரோஸ் ஈபா என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒருகாலத்தில் கத்தோலிக்கக் கன்னியர் மடத்தில் இருந்தவர். மடத்தை விட்டபின் அவர் 185 பேரிடம் பேசி, ஒரு வாழ்க்கையை விட்டு இன்னொன்றுக்குப் போவது எப்படி நடக்கிறது என்று 1988-இல் ஒரு நூல் வெளியிட்டார். மடத்தை விட்டவர்கள், மருத்துவத் தொழிலை விட்டவர்கள், மணமுறிவு பெற்றவர்கள் எனப் பலவகைப்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். முதலில் ஐயம், பிறகு மாற்றிடம் தேடுதல், பிறகு ஒரு திருப்புமுனை, கடைசியில் ‘முன்னாள்’ ஆளாக வாழக் கற்றுக்கொள்ளுதல் என்று அவர் படிகளைப் பிரிக்கிறார். திருப்புமுனை பெரும்பாலும் நோய், சாவு, சண்டை போன்ற ஒரு நிகழ்ச்சி. அதுவரை மனத்தில் இருந்ததை அது வெளியே சொல்லக்கூடியதாக்குகிறது. சூலையை இப்படிப் படித்தால் தவறில்லை என்று நினைக்கிறேன். பள்ளியின் தலைமையில் இருந்த ஒருவர் எனக்கு ஐயம் வந்துவிட்டது என்று சொல்வதைவிட, எனக்கு வயிறு வலிக்கிறது என்று சொல்வது எளிது. சேக்கிழாருக்கு அது சிவன் கொடுத்த நோய். இரண்டு வாசிப்பும் ஒன்றையொன்று அழிப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

திருவதிகையில் அக்காள் வாதம் செய்யவில்லை. எங்கே போயிருந்தாய் என்று கேட்டதாகவும் சேக்கிழார் எழுதவில்லை. திருநீறு கொடுத்தார். விடியுமுன் கோயிலைக் கூட்டி மெழுகத் தாம் போகும் வேளையில் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே முதல் பதிகம் பிறந்தது, வலி நீங்கியது என்பது புராணம். சரணாகதி, அருள், பாட்டு என்று உரைகாரர்கள் விரித்துக்கொண்டு போவார்கள். அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். அவர் வந்து சேர்ந்தது ஒரு தத்துவத்துக்குள் அன்று, ஒரு பெண்ணின் அன்றாட வேலைக்குள். திலகவதியார் தாம் செய்யும் தொண்டில் தம்பிக்கும் ஓர் இடம் ஒதுக்கினார், அவ்வளவுதான். சைவ வரலாற்றில் இந்த அம்மையாருக்குக் கிடைத்த இடம் போதாது என்பது என் துணிபு.

பிறகு அந்த வேலை அவருடைய சொந்த வேலையாயிற்று. உழவாரம் என்பது புல் செதுக்கும் கருவி. கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்குவதைக் கடைசிவரை அவர் விடவில்லை. சிலைகளில் அப்பரை அடையாளம் காட்டுவது தோளில் சாய்ந்திருக்கும் அந்த உழவாரந்தான். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் பொற்காசு கிடைத்ததாம். சம்பந்தர் காசு மாற்றுக் குறைந்தது. வட்டம் கழித்துத்தான் கடையில் வாங்கினார்கள். அப்பர் காசு முழுமதிப்பில் போயிற்று. காரணம், அப்பர் கையால் தொண்டு செய்தவர். பாட்டுக்கு ஒரு விலை, பாட்டோடு சேர்ந்த உடலுழைப்புக்கு ஒரு விலை என்று பக்தர் கூட்டமே வைத்த கணக்கு இது. வந்தேறியாகிய ஒருவர் அந்தக் கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்க முடியாத இடத்தை அடைந்தது இப்படித்தான். உழவாரப் பணி மன்றங்கள் என்ற பெயரில் இன்றும் விடுமுறை நாளில் மண்வெட்டியும் துடைப்பமுமாக வண்டி ஏறிப் பழைய கோயில்களைச் சுத்தம் செய்யப் போகிறவர்கள் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறார்கள். யார் என்ன என்று கேட்பதற்கு முன்பே கையில் வேலையைக் கொடுத்துவிடுவது அந்தக் கூட்டங்களின் சிறப்பு.

பழைய கூட்டம் சும்மா விட்டதா? சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தார்கள், நஞ்சு கலந்த பால்சோறு ஊட்டினார்கள், யானையை ஏவினார்கள், கல்லில் கட்டிக் கடலில் தள்ளினார்கள் என்று பெரியபுராணம் நான்கு தண்டனைகளைச் சொல்கிறது. இவற்றுள் நஞ்சுக்கும் கல்லுக்கும் அப்பர் பதிகங்களிலேயே சான்று உண்டு. சமணர் தந்த பால்சோற்று நஞ்சையும், கல்லோடு பூட்டி நீரில் தள்ளியதையும் அவரே குறிப்பிடுகிறார். பள்ளியார் சொல் கேட்டுத் தண்டித்த மன்னன் பெயர் சேக்கிழாரிடமும் நேராக இல்லை. மனம் மாறிய பல்லவன் திருவதிகையில் எடுத்த கோயிலுக்குக் குணபர ஈச்சரம் என்று பெயர் என்கிறார். திருச்சி மலைக்குகைக் கல்வெட்டில் முதலாம் மகேந்திரவர்மனுக்குக் குணபரன் என்ற பட்டம் வருகிறது. மாற்று நெறியிலிருந்து திரும்பிய செய்தியும் வருகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் அந்தப் பல்லவன் மகேந்திரன் என்கிறோம். கல் மிதந்து கரை சேர்ந்த இடம் கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்று ஊர்ப்பெயராகவே நிற்கிறது. எந்தப் பள்ளியை விட்டு ஓடினாரோ, அந்தப் பள்ளி இருந்த ஊரின் கரையிலேயே அடியார்கள் திரண்டு அவரை வரவேற்றார்கள்.

இத்தனைக்குப் பிறகும் மனம் ஆறவில்லை. இதே மாவட்டத்தின் மேற்குக் கோடியில் பெண்ணாகடம். அங்குள்ள தூங்கானைமாடக் கோயிலில், சமணரோடு கிடந்து மாசுபட்ட இந்த உடம்போடு வாழ விருப்பமில்லை, சூலமும் இடபமும் என் தோளில் பொறித்துவிடு என்று இறைவனிடம் கேட்டார். பொறி கிடைத்ததாம். ஊரே கொண்டாடும் ஒருவருக்குத் தோலில் முத்திரை எதற்கு? நீ எங்கள் ஆள்தான் என்று மற்றவர்கள் எத்தனை முறை சொன்னாலும் போதாத ஒரு நிலை வெளியேறியவர்களுக்கு உண்டு.

அந்த நிலை எத்தனை காலம் நீடித்தது என்பதைத் திங்களூரில் பார்க்கலாம். திருவையாற்றுக்கு அருகே உள்ள அந்த ஊரில் அப்பூதியடிகள் என்ற அந்தணர், அப்பரை ஒருமுறைகூடப் பார்க்காமலே, தம் பிள்ளைகள், மாடுகள், அளவைகள், வழிப்போக்கருக்கு வைத்த தண்ணீர்ப் பந்தல் எல்லாவற்றுக்கும் திருநாவுக்கரசு என்று பெயரிட்டிருந்தார். வழியில் அந்தப் பந்தலைக் கண்ட அப்பர், உம் பெயரை வைக்காமல் வேறொருவர் பெயரை வைத்தது ஏன் என்று கேட்டார். அப்பூதிக்குக் கோபம் வந்தது. அவரைத் தெரியாத நீர் யார் என்று திருப்பிக் கேட்டார். அப்பர் தம்மை எப்படி அறிமுகம் செய்துகொண்டார் தெரியுமா? பாடியவர் என்றோ, கல்லில் மிதந்தவர் என்றோ சொல்லவில்லை. வேறு நெறியில் கிடந்து, சூலைநோயால் ஆட்கொள்ளப்பட்டு இந்தக் கரை ஏறிய அறிவில்லாத சிறியவன் என்றார். புகழின் உச்சியிலும் அவர் தம்மை ‘முன்னாள்’ ஆளாகவே சொல்லிக்கொள்கிறார். பழைய வாழ்க்கையின் மிச்சம் புதிய வாழ்க்கையின் உள்ளே நெடுங்காலம் தங்கியிருக்கும் என்று ஈபா காட்டுவதும் இதைத்தான். ஐந்நூறு ஆண்டுக்குப் பின் எழுதிய சேக்கிழார், நேரில் கண்டவர்போல இதைப் பிடித்திருக்கிறார்.

சீகாழியில் பாலறாவாயராகிய சம்பந்தரின் காலில் முதியவர் விழ, பிள்ளை அவர் கையைப் பிடித்து அப்பரே என்று அழைத்தது. அப்போதிருந்து ஊருக்கே அவர் அப்பர். தாயும் தந்தையும் இல்லாமல் வளர்ந்தவர், மணம் செய்யாதவர், ஒரு குழந்தையின் வாயால் தந்தையானார். திருப்புகலூரில் முருகநாயனார் மடத்தில் சம்பந்தரும் சிறுத்தொண்டரும் நீலநக்கரும் மற்றவர்களும் கூடியிருந்து பேசிய நாட்களைச் சேக்கிழார் மகிழ்ச்சியோடு விவரிக்கிறார். இந்தியவியலாளர் இந்திரா பீட்டர்சன் முதலானோர் பக்தி இயக்கத்தைப் பற்றி எழுதும்போது அடியார் கூட்டம் என்ற இந்த உறவை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊர் ஊராக நடப்பதும் கூடிப் பாடுவதும் ஒரே பந்தியில் உண்பதும் இல்லாமல் பதிகங்கள் மட்டும் ஒரு சமூகத்தை உண்டாக்கியிருக்க முடியாது.

இந்த உறவுக்கு ஒரு விலை இருந்தது. அதைப் பக்தர்கள் பேசுவதில்லை. நாம் பேசத்தான் வேண்டும். சமணரைப் பழிக்கும் பாட்டுகள் அப்பரிடம் குவிந்து கிடக்கின்றன. சம்பந்தரும் பழித்தார், ஆனால் அவர் வெளியிலிருந்து பேசினார். அப்பர் வாயிலிருந்து வந்தபோது அது உள்ளிருந்து வந்த சாட்சியாயிற்று. சம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபோது, சமணர் செய்யும் தீங்கை நான் அறிவேன், நாளும் கோளும் சரியில்லை என்று அவர் தடுத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அந்த அச்சம் உண்மையானது, உடம்பில் பட்டது. ஆனால் அதை வைத்து மற்றவர்கள் கட்டியது வேறு. திருவதிகைக் குணபர ஈச்சரமே பாடலிபுத்திரத்துப் பள்ளியை இடித்த கல்லால் எழுந்தது என்கிறார் சேக்கிழார். பழையாறை வடதளியில் அப்பர் உண்ணாநோன்பு இருந்து கோயிலை மீட்டபோது, சமணர் ஆயிரவரை மன்னன் யானைக் காலில் இட்டான் என்றும் பாடுகிறார், பெருமையாக. இவை நடந்தனவா என்பது தனிக் கேள்வி. இத்தகைய கதைகள் சமணரை அந்நியராகக் காட்டித் தமிழ்ச் சைவரின் ‘நாம்’ என்ற எல்லையை வரைந்தன என்று ரிச்சர்ட் டேவிஸ், ஆன் மோனியஸ் போன்றோர் எழுதியிருக்கிறார்கள். அதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. தனக்கு அடைக்கலம் தந்த பள்ளியைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்ல அப்பருக்கு இடமே கிடைக்கவில்லை, அல்லது அவர் விரும்பவில்லை. மயிலை சீனி. வேங்கடசாமி ‘சமணமும் தமிழும்’ எழுதி அந்தக் கடனை ஓரளவு அடைத்தார். தமிழ்ச் சமணர்கள் அழிந்துபோகவும் இல்லை. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்ட ஊர்களில் உழுது வாழ்கிறார்கள். அவர்களுக்கு மேல்சித்தாமூரில் மடம் இருக்கிறது.

இனி வடலூர்.

சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823 அக்டோபர் 5-இல் பிறந்தவர் இராமலிங்கர். ஐந்து மாதக் குழந்தையாகத் தில்லைக்கு எடுத்துப் போனார்கள் என்பது அவர் வரலாற்றின் முதல் செய்தி. சென்னையில் வளர்ந்து, 1850-களின் இறுதியில் இந்தப் பக்கம் திரும்பி, கருங்குழியில் ஒரு ரெட்டியார் வீட்டில் பல ஆண்டு தங்கி, சிதம்பரத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். அவர் பாட்டில் தில்லை நடராசர் நிறைந்திருக்கிறார். 1867-இல் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியால் அச்சேறியபோது, அதை ஒரு சைவ அடியாரின் நூல் என்றுதான் எவரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். எடுத்துக்கொள்ளாதவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். புதிய பாட்டை அருட்பா என்பதா என்று எழுந்த பூசல், 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. சிதம்பரம் கோயிலில் தம்மை அவதூறாகப் பேசினார்கள் என்பது நாவலர் வழக்கு. முடிவை இரு தரப்பாரும் இன்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். சைவத்துக்குள் இவர் எங்கே நிற்கிறார் என்பது வீதியிலும் நீதிமன்றத்திலும் கேட்கப்பட்ட கேள்வியாகிவிட்டது என்பதே நமக்குரிய செய்தி.

அப்பர் ஒரு மதத்திலிருந்து இன்னொரு மதத்துக்கு வந்தார். வள்ளலார் வெளியே வந்தபோது எதிரே எந்த மதமும் காத்திருக்கவில்லை. அதனால் அவர் இடத்தைத் தாமே உண்டாக்க வேண்டியிருந்தது. அதை அவர் செய்த வரிசை கவனிக்கத்தக்கது. 1865-இல் சன்மார்க்க சங்கம். 1867 மே 23-இல் சத்திய தருமசாலை. 1872 ஜனவரி 25-இல், தைப்பூசத்தன்று, சத்திய ஞானசபை. வழிபாட்டு இடத்துக்கு ஐந்து ஆண்டு முன்னாலேயே சமையற்கட்டு வந்துவிட்டது. அப்போது பார்வதிபுரம் எனப்பட்ட வடலூரின் மக்கள் 80 காணி நிலம் எழுதிக் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது என்று தருமசாலையார் சொல்கிறார்கள். சாதி, மதம் கேளாமல் சோறு போடுகிறார்கள். பஞ்சமும் கொள்ளைநோயும் அடிக்கடி வந்த அந்த நூற்றாண்டில், தென்னார்க்காட்டில் பசித்தவனுக்குக் கொள்கை விளக்கம் எடுபட்டிருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பந்தியில் உட்கார்ந்துவிட்டால் உறவு வந்துவிடுமா? நம் ஊரில் உறவு சோதிக்கப்படும் இடம் கல்யாண வீடும் சாவு வீடும். மதத்தை விட்டவனிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, நாளைக்கு உன் பிணத்தை யார் தூக்குவது என்பதுதான். வள்ளலார் அதற்கும் விடை வைத்திருந்தார். இறந்தவரை எரிக்க வேண்டாம், புதையுங்கள். கருமாதி, திதி வேண்டாம். கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம் என்றார். இந்த விதிகள் பாட்டைவிடக் கடினமானவை. நடராசரைப் பாடுகிற யாரோடும் கூடிப் பாடலாம். தாலியை வாங்காத சாவு வீட்டில் பங்காளிகள் எதிரே நிற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் சுயமரியாதைக்காரர்கள் திருமணத்தில் சந்தித்த இடர் இதே வகையானதுதான். அவர்கள் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் வந்தது. சன்மார்க்கத்தாரின் சாவுச் சடங்குக்குச் சட்டம் தேவைப்படவில்லை, ஆனால் ஆள் தேவைப்பட்டது.

எல்லாருக்கும் திறந்த இடத்திலும் ஒரு வாசற்படி இருந்தது. உயிர்க்கொலையையும் புலால் உண்பதையும் விட்டவர்களை அகவினத்தார் என்றும், விடாதவர்களைப் புறவினத்தார் என்றும் வள்ளலார் பிரித்தார். ஞானசபைக்குள் முன்னவரே புகலாம். புறவினத்தாருக்குப் பசி தீர்க்கச் சோறு உண்டு, சபைக்குள் இடம் இல்லை. சாதியையும் மதத்தையும் கழற்றி எறிந்தவர் உணவை வைத்து ஒரு கோடு போட்டார். இந்தச் சீமைக் குடிகளில் பெரும்பாலோர் மீனும் கறியும் உண்பவர்கள். கடற்கரைக் குப்பங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொள்கை இல்லாத கூட்டம் கூட்டமாக நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் இந்தக் கோட்டுக்கு வெளியே எத்தனை பேர் நின்றுவிட்டார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அவர் அடுப்பைக் கோட்டுக்கு அந்தப் பக்கமும் எட்டும்படி வைத்தார் என்பதை அதோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

1873 அக்டோபர் 22-இல் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றிவிட்டு அவர் செய்த பேருபதேசம், வெளியேறியவர்கள் பேச்சில் எனக்குத் தெரிந்தவரை தனித்தன்மை உடையது. சைவத்தில் தமக்கு இருந்த பற்று அளவில்லாதது, தம் பாட்டுகளே அதற்குச் சாட்சி, அப்போது தமக்கு அவ்வளவு சிற்றறிவு இருந்தது என்று சொல்லிவிட்டு, இனி வேதம், ஆகமம், புராணம், சமயம் எதிலும் கவனம் வைக்க வேண்டாம் என்றார். அப்பரைப்போலப் பழைய கூட்டத்தாரை அவர் ஏசவில்லை. பழைய பாட்டுகளை எரிக்கவும் சொல்லவில்லை. தாம் ஏறிவந்த படியாகவே அவற்றைப் பேசினார். ஆனால் கேட்டவர்களுக்கு அது பாதி புரிந்ததா என்பது ஐயம். வேலாயுத முதலியார் 1882-இல் பிரம்மஞான சபையாருக்குக் கொடுத்த வாக்குமூலத்தில், நீங்கள் என் சொல்லைக் கேட்பதில்லை, இந்தச் சகோதரத்துவத்துக்கு நீங்கள் தகுதியானவர்கள் அல்லர் என்று ஆசிரியர் தம் சீடர்களிடமே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஞானசபையைப் பூட்டிவிட்டு அவர் மேட்டுக்குப்பத்தில் தங்கினார். 1874 ஜனவரி 30-இல் அறைக்குள் போனவர் திரும்பவில்லை.

திருவதிகையில் அக்காளுக்கு ஒரு கோயில் இருந்தது, கோயிலுக்கு ஒரு நடைமுறை இருந்தது. தம்பி அதற்குள் வந்து நின்றால் போதும். வடலூரில் நிறுவியவர் மறைந்தபோது நடைமுறை வேரூன்றியிருக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் பழகிய முறையே வந்து உட்கார்ந்தது. சோதி வழிபாட்டுக்கென்று கட்டிய எண்கோணச் சபைக்குள் லிங்கமும் சிவாசாரியர் பூசையும் நுழைந்தன. சன்மார்க்க அன்பர்கள் இதை எதிர்த்து நெடுங்காலம் போராடினார்கள். வள்ளலார் வகுத்த முறைப்படியே வழிபாடு நடக்க வேண்டும் என்று அறநிலையத் துறை 2006-இல் ஆணையிட்டது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. மதத்தை விடச் சொன்னவரின் சபையில் எது மதம் என்பதைத் தீர்மானிக்க 130 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தருமசாலை பற்றி அப்படி ஒரு வழக்கு வரவில்லை. அங்கே பந்தி போடுவது எப்படி என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை.